வரலைங்கறது பிள்ளைக்கா, கிதாருக்கா?



இந்த வாட்டி வெள்ளாமையைப் பத்தி எழுதலைங்க. பிள்ளைகளுக்கு முதல் கிதார் வாங்கறதைப் பத்தி எழுதறேன். அன்னூர்ல வாழையும் சோளமும் போடறவனுக்கும் கிதாருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. ஆனா ஒரு வருசமா எங்க ஊட்டுல இதுதான் நாயம். அதுல நான் தெரிஞ்சுக்கிட்ட ஒரு விசயம் கிதாருக்கு மட்டும் இல்லாம வேற பலதுக்கும் பொருந்தும்னு தோணுச்சு. அதான் எழுதிப்புடலாம்னு உக்காந்துட்டேன்.

என்ற தம்பி மக ஒம்போதாவது படிக்குது. ஒரு கல்யாண மண்டபத்துல கச்சேரிக்காரங்க வாசிச்சதைப் பாத்துட்டு வந்து, எனக்குக் கிதார் வேணும்னு நின்னுது. தம்பியும் செல்லுல பாத்து 2,400 ரூபாய்க்கு ஒன்னு வரவழைச்சான். பை, தோள் வாரு, தட்டற வில்லை எல்லாம் அந்த விலைக்குள்ளயே வந்துருச்சு. பாக்க நீலக் கலர்ல பளபளன்னு இருந்துச்சுங்க. எல்லாருக்கும் சந்தோசம்.

பத்து நாள்ல புள்ளைக்கு விரல் நுனியெல்லாம் கன்னிப்போச்சு. யூடியூபுல பாத்துப் பாத்து அழுத்துது, சத்தம் 'டப் டப்'னு செத்த மாதிரி வருது. ரெண்டு மாசம் விடாம பாடுபட்டுது. அப்பறம் ஒரு நாள் எடுத்து அட்டாலி மேல வெச்சிருச்சு. "ஏஞ்சாமி, விட்டுட்டே?"ன்னு கேட்டேன். "எனக்கு வர மாட்டீங்குதுங்க பெரியப்பா"ன்னுது. ஊட்டுல இருந்த பெரியவங்க, "நம்ம வகையறாவுல ஆருக்கு சங்கீதம் வந்துச்சு, அதுக்கு வர"ன்னு முடிச்சுட்டாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். பொய் சொல்லக்கூடாதுங்களே.

அப்பறம் ஒரு நாள் தேங்காய் விசயமா ஒரு தம்பி தோட்டத்துக்கு வந்தாப்ல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கிதார் வாசிக்கறவரு. பேச்சுவாக்குல இதைச் சொன்னேன். எடுத்துட்டு வரச் சொன்னாரு. வாங்கினதும் வாசிக்கலைங்க. கிதாரோட கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கிட்டு நீளவாக்குல பாத்தாரு. நாங்க மம்பட்டிக் காம்பு வாங்கறப்போ கோணல் இருக்குதான்னு பாப்போமே, அதே மாதிரி. அப்பவே எனக்கு வெளங்கிப்போச்சு. பாப்பாகிட்ட ஸ்கேல் வாங்கிக் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல அளந்தாரு. 5 மில்லிமீட்டர் இருந்துச்சு. "அண்ணா, இதுல நான் வாசிச்சாலே அரை மணி நேரத்துல கை விட்டுப்போகும். பாப்பா ரெண்டு மாசம் புடிச்சதே பெரிய விசயமுங்க"ன்னாரு.

அந்தப் புள்ள மொகத்தைப் பாக்கணுமே. அழுகறதா சிரிக்கறதான்னு தெரியாம நின்னுது.

நான் சொல்ல வந்தது இதுதானுங்க. கருவி மோசமா இருந்தா குத்தம் கருவி மேல விழறதில்லை, புதுசாக் கத்துக்கற பிள்ளை மேல விழுது. தெரிஞ்சவன் கையில மோசமான கிதாரைக் குடுத்தா 'இது சரியில்லை'ம்பான். தெரியாத பிள்ளை 'நான் சரியில்லை'ன்னு நெனச்சுக்குது. ஆரம்பத்துக்கு எது வேணா போதும், நல்லா வந்தா அப்பறம் நல்லதா வாங்கிக்கலாம்னு சொல்றமே, அந்த ரோசனையே தப்புங்க. எங்கப்பாரு எனக்குப் பத்து வயசுல களை வெட்டப் பழக்குனப்போ, பெரியாளுக மம்பட்டியைக் குடுக்கலை. தேஞ்ச தகடா பாத்து, காம்பை அறுத்துச் சின்னதாக்கி, சாணை புடிச்சுக் குடுத்தாரு. பழகறவனுக்குத்தான் கருவி சுளுவா இருக்கோணும்னு பள்ளிக்கூடம் போகாத அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

சரி, அப்ப எப்படிப் பாத்து வாங்கறது? அந்தத் தம்பி சொல்லிக்குடுத்ததும், அப்பறம் கோயமுத்தூர்ல நாலு கடை ஏறி எறங்கி நாங்க தெரிஞ்சுக்கிட்டதும் சொல்றேன்.

முதல்ல எந்த வகைங்கறது. மின்சாரத்துல ஓடற எலெக்ட்ரிக் கிதாரை விட்டுருங்க. அதுக்குத் தனியா ஸ்பீக்கர் பொட்டி வேணும், செலவு எச்சாகும். மிச்சம் ரெண்டு வகை. ஒன்னு நைலான் கம்பி, இன்னொன்னு இரும்புக் கம்பி. நைலான் விரலுக்கு மெத்துனு இருக்கும், ஆனா கழுத்து அகலம். சின்னக் கைக்கு எட்டறது செரமம். இரும்புக் கம்பிக்குக் கழுத்து ஒடுக்கம், சத்தம் கணீர்னு வரும், விரல் முதல்ல கொஞ்சம் வலிக்கும். சினிமாப் பாட்டு வாசிக்கணும்னு ஆசைப்படற பிள்ளைக்குப் பெரும்பாலும் இரும்புக் கம்பிதான் புடிக்குது. சத்தம் பத்தலைன்னு நைலான் கிதார்ல இரும்புக் கம்பி மாட்டறதை மட்டும் செஞ்சுராதீங்க. இரும்புக் கம்பி ஆறும் சேந்து இழுக்கற இழுப்பு 70 கிலோவுக்குப் பக்கம் வருமாம். ஒரு ஆள் தொங்கற மாதிரி. நைலானுக்குச் செஞ்ச ஒடம்பு அதைத் தாங்காது, கம்பி கட்டற பாலம் பேத்துக்கிட்டு வந்துரும்.

அடுத்தது அளவு. பெரியாளுக்கு 40, 41 அங்குலம். எட்டு ஒம்போது வயசுப் பிள்ளைக்கு 34, 36 அங்குலம் போதும். பன்னண்டு வயசுக்கு மேல, ஒடம்பு கொஞ்சம் ஒல்லியா இருந்தா 38, 39 பாக்கலாம். 'வளந்தா சரியாப் போயிரும்'னு சட்டை எடுக்கற மாதிரி பெருசா எடுக்காதீங்க. கை எட்டாத பிள்ளை வளர்ற வரைக்கும் காத்துட்டா இருக்கும்? விட்டுரும். எடது கைப் பழக்கம் உள்ள பிள்ளையா இருந்தா அதையும் கடையில முன்னாடியே சொல்லிக் கேட்டுக்குங்க.

மூணாவது, கம்பியோட உசரம். இதுதானுங்க முக்கியம். கழுத்துல குறுக்க குறுக்க உலோகக் கட்டை இருக்குமே, அதை ஃப்ரெட்டுங்கறாங்க. எண்ணிட்டே போனா பன்னண்டாவதுகிட்ட பெரும்பாலும் ரெண்டு புள்ளி வெச்சிருப்பாங்க. அந்த எடத்துல தடிச்ச கம்பியோட அடிக்கும் கட்டையோட தலைக்கும் நடுவுல ரெண்டரை மில்லிமீட்டர் சொச்சம் இருந்தா நல்லது. மூணு வரைக்கும் சமாளிக்கலாம். நாலுன்னா வேண்டாமுங்க. பிள்ளையோட பள்ளிக்கூட ஸ்கேலைச் சட்டைப் பையில போட்டுட்டுப் போங்க. கடைக்காரரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு.

நாலாவது, கழுத்து நேரா இருக்குதான்னு ஒரு கண்ணை மூடிப் பாருங்க. லேசாக் குழிவு இருக்கறது தப்பில்லையாம். முறுக்கியிருந்தா தொடாதீங்க. நல்ல கிதாருக குள்ள கழுத்துல ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதைச் சாவி போட்டுத் திருகிக் கழுத்தை நேர் பண்ணலாம். 'ட்ரஸ் ராட் இருக்குதுங்களா'ன்னு கேளுங்க. எங்க நீலக் கிதாருக்கு அது இல்லை. அதனால பாலத்து மேல இருக்கற வெள்ளைப் பட்டையை உப்புத்தாள்ல தேச்சு எறக்கியும் முழுசா சரியாகலை.

அஞ்சாவது, கழுத்தோட ரெண்டு ஓரத்துலயும் விரலை மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாருங்க. கட்டை நுனி அறுத்தா வேண்டாம். அப்பறம் ஒவ்வொரு கட்டையா ஒவ்வொரு கம்பியையும் அழுத்தித் தட்டச் சொல்லுங்க. எங்கயாச்சும் 'ஸ்ர்ர்'னு இரைஞ்சா அடுத்ததைப் பாருங்க. காதைத் திருகற சாவியைத் திருகிச் சுதி சேத்து, பத்து நிமிசம் கழிச்சு மறுபடியும் சுதி பாருங்க. செல்போன்லயே சுதி பாக்கற ஆப்பு சும்மா கெடைக்குது. புதுக் கம்பி கொஞ்சம் எறங்கும், அது சகஜம். திருகத் திருக நழுவிட்டே இருந்தா சாவி மோசம்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, மாடு வாங்கறப்போ இதைத்தானுங்க செய்யறோம். பல்லைப் பாக்கறோம், நடக்கவிட்டுப் பாக்கறோம், கறவை மாடுன்னா ரெண்டு வேளை கறந்து பாத்துட்டுத்தான் பணத்தை எடுக்கறோம். போட்டோவுல மாடு பாத்து வாங்குனவன் உருப்பட்டதில்லை. துண்டுக்கு அடியில தரகர் விரலைப் புடிச்சு விலை பேசுவாரு. கிதாருக்கும் விரல்தானுங்க விலை சொல்லோணும். பிள்ளையோட விரல். அதனால கடைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தரையும் ஒரு காப்பி வாங்கிக் குடுத்தாச்சும் கூட்டிட்டுப் போங்க. சென்னையில இருக்கறவங்களுக்குக் கேக்கவே வேண்டாம், அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் மாதிரி 1842-ல இருந்து இருக்கற கடையே இருக்குது. அன்னூர்ல இருந்து நாங்க சத்தி ரோட்டுல பஸ் ஏறி காந்திபுரம் போய் எறங்கறோம். நீங்க ஊருக்குள்ளயே இருந்துட்டு போன்ல தட்டி வாங்கறீங்க.

இப்ப காசு. நாங்க பாத்த வரைக்கும் 2,000-ல இருந்து 3,500 வரைக்கும் ஒரு கூட்டம் இருக்குது. அதுல நல்லதும் இருக்கலாம், ஆனா பொறுக்கி எடுக்க வெவரம் தெரிஞ்ச கண்ணு வேணும். 7,000-ல இருந்து 11,000-க்குள்ள இருக்கறதுதான் முதல் கிதாருக்கு ஏத்த எடம்னு நான் நெனைக்கறேன். யமஹா கம்பெனிக்காரங்க 2019-ல சென்னைக்குப் பக்கத்துலயே தொழிற்சாலை போட்டு கீபோர்டும் கிதாரும் செய்யறாங்க. இன்னும் ரெண்டு மூணு பேருல இந்த விலைக்கு நல்லதாவே கெடைக்குது. பேரை விட கையில எடுத்த அந்த ஒரு கிதாரு எப்படி இருக்குதுங்கறதுதான் முக்கியம். ஒரே ஈத்துக் கன்னுக ரெண்டே ஒரே மாதிரி இருக்கறதில்லையே.

அதுக்கு மேல போகாதீங்க. கடையில 'ரோஸ்வுட்டுங்க, சாலிட் டாப்புங்க'ன்னு சொல்லுவாங்க. ரோஸ்வுட்டுங்கறது நம்ம ஈட்டி மரம்தானுங்க. நீலகிரியிலயும் ஆனைமலையிலயும் வளர்றது. அமெரிக்காவுல மார்ட்டின்னு பேர்பெற்ற கிதார் கம்பெனி, பிரேசில் ஈட்டி கெடைக்காமப் போனதும் 1969-ல இருந்து இந்திய ஈட்டிக்கு மாறிட்டாங்க. இங்க நம்ம பட்டா நிலத்துல நிக்கற ஈட்டியை வெட்டவே அனுமதி வேணும்னு 1994-ல தமிழ்நாட்டுல சட்டம் போட்டாங்க. அவ்வளவு மதிப்பான மரம். ஆனா கத்துக்கற பிள்ளைக்கு அது எதுக்குங்க? முழுப் பலகையில செஞ்ச கிதாரு சத்தம் நல்லா இருக்கும், ஆனா காத்துல ஈரம் கொறைஞ்சா வெடிக்கும். நம்ம சித்திரை வெயிலும் ஆடிக் காத்தும் தெரியுமில்ல. ஒட்டுப்பலகையில செஞ்சது இந்தச் சீதோசனத்துக்குத் தாங்கும். முதல் கிதாருக்கு அதுவே போதும். ஈட்டியெல்லாம் ரெண்டாவது கிதாருக்கு வெச்சுக்கலாம்.

மிச்சமாகற காசுல ஒரு செட்டு நல்ல மெலிசுக் கம்பி வாங்குங்க. கம்பிக கனத்தை 10, 11, 12-ன்னு நம்பர் வெச்சுச் சொல்றாங்க. கத்துக்கறவங்களுக்கு 10, இல்லீன்னா 11 நல்லது. கடையிலயே 'செட்டப்' பண்ணிக் குடுங்கன்னு கேளுங்க. கம்பி உசரத்தை எறக்கி, கழுத்தை நேர் பண்ணித் தருவாங்க. அதுக்கு ஐநூறு, ஆயிரம் கேட்டாலும் குடுங்க. பளபளப்புக்கும் பைக்கும் குடுக்கற காசை விட இது மேல். கொண்டுவந்தப்பறம் சிமெண்டு சீட்டுக்கு அடியிலயோ, வெயில்ல நிக்கற காருக்குள்ளயோ வைக்காதீங்க.

இப்ப எதிர்க்கேள்வி வரும்னு தெரியும். ரெண்டு கேள்வி.

ஒன்னு, 'பிள்ளை ரெண்டு மாசத்துல விட்டுட்டா எட்டாயிரம் வீணாப் போகுமே'ன்னு. நாயமான கேள்விதானுங்க, எட்டாயிரம்கறது எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. ஆனா நல்ல கிதாரை வித்தா பாதிக்கு மேல திரும்ப வரும். எங்க நீலக் கிதாரைச் சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்லை. அப்ப எது வீண்? சந்தேகமா இருந்தா ஒரு மாசத்துக்கு ஆருகிட்டயாச்சும் எரவல் வாங்குங்க. நல்ல பழைய கிதாரை வாங்குங்க, அதுல ஒரு கேடும் இல்லை. பழைய மரம் ஒலந்து அடங்கியிருக்கும். நல்ல கருவியைக் குடுத்தும் விட்டுட்டா, அதுக்கு நெசமாவே ஆசையில்லைன்னு தெரிஞ்சுக்கலாம். அந்தப் பதிலும் ஒரு லாபந்தானுங்க. மோசமான கருவியைக் குடுத்தா அந்தப் பதிலே கெடைக்காது.

ரெண்டாவது, 'கஷ்டப்பட்டு வந்தவங்களெல்லாம் நல்ல கருவியிலயா கத்துக்கிட்டாங்க, இளையராஜா வரலையா'ன்னு. எல்லாருக்கும் அவரு பேரு கெடைச்சுருதுங்க. அவரு சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டர்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டவரு. லண்டன் ட்ரினிட்டி காலேஜு கிதார் பரீட்சை எழுதினவரு. 'இது கையி இல்லை, இது கம்பி'ன்னு பிரிச்சுச் சொல்ல ஒரு குரு பக்கத்துல இருந்தாரு. எங்க ஊர்ப் பிள்ளைக்குப் பக்கத்துல ஆரு இருக்கறா? ஒரு செல்போன்தான் இருக்குது. செல்போனுக்குக் கம்பி உசரம் தெரியுங்களா? ஆயிரத்துல ஒருத்தர் எல்லாத்தையும் மீறி வந்துருவாங்க. அவங்களைக் காட்டி மிச்சம் 999 பிள்ளைகளுக்கு மோசமான கருவியைக் குடுக்கறது நாயமில்லைங்க.

1982-ல 'பயணங்கள் முடிவதில்லை' வந்தப்போ நான் சின்னப் பையன். மோகன் கிதாரைப் புடிச்சுட்டு நின்ன நிப்பைப் பாத்து, ஊர்ல பெரிய பசங்கெல்லாம் தலைமயிரை அதே மாதிரி வெட்டிக்கிட்டாங்க. ஆனா 'இளைய நிலா' பாட்டுல நாம கேட்ட அந்தக் கிதாரு, ஆர். சந்திரசேகர்ங்கற கலைஞர் வாசிச்சதுன்னு எனக்கு நாப்பது வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கிதாரைப் பாத்து ஆசைப்பட்ட எங்களுக்கு அதுக்குப் பின்னாடி ஒருத்தர் விரலும் அவரோட பல வருசப் பாடும் இருக்குதுன்னு தோணவே இல்லைங்க. இன்னைக்கும் அப்படித்தான். திரையில தெரியற பளபளப்பைப் பாத்து ஆர்டர் போடறோம். விரலை மறந்துடறோம்.

எங்க ஊர்ல அண்ணமார் கதை பாடற உடுக்கைக்காரரைப் பாத்திருக்கறீங்களா? பாட ஆரம்பிக்கறதுக்கு முந்தி, இடுப்புல கட்டுன கயித்தை இறுக்கி விட்டு, தட்டிப் பாத்து, காதுக்குப் பக்கத்துல வெச்சுக் கேட்டுட்டுத்தான் சபைக்கு முன்னால நிப்பாரு. தப்படிக்கறவங்க தீ மூட்டிக் காச்சாம ஒரு அடி அடிக்க மாட்டாங்க. கருவி சரியில்லாம கலைஞன் எறங்கறதில்லை. அவ்வளவு வெவரம் நம்மகிட்டயே இருக்குது. கடைச் சாமான்னு வந்ததும் எல்லாத்தையும் மறந்துட்டு 'எது சல்லிசு'ன்னு மட்டும் பாக்கறோம்.

எங்க கதைக்கு வாறேன். வாழைத்தாரு வித்த காசுல கொஞ்சம் நானும், மிச்சம் தம்பியும் போட்டு, அந்தச் சர்ச்சுத் தம்பியைக் கூட்டிட்டுப் போய் ஒன்னு வாங்கினோம். 39 அங்குலம், சாதா மரக் கலர். கடையில உக்காந்து புள்ள ஒரு கம்பியை அழுத்தித் தட்டுச்சு. கணீர்னு வந்துச்சு. என்னையத் திரும்பிப் பாத்துச்சு. "வருதுங்க பெரியப்பா"ன்னுது.

பெரிய வித்துவான் ஆயிருச்சுன்னு சொல்ல வரலைங்க. ஏழு மாசமாச்சு. நாலஞ்சு கார்டு வாசிக்குது. ஒன்னுல இருந்து இன்னொன்னுக்கு மாத்தறதுக்குள்ள நாம ஒரு வாய் காப்பி குடிச்சுரலாம். ஒரு விரலாலயே ஆறு கம்பியையும் அமுக்கற கார்டு ஒன்னு இருக்குதாம், அது இன்னும் படியலை. ஆனா பொழுதோட திண்ணையில உக்காந்து தெனமும் வாசிக்குது. வரலைன்னு இப்ப சொல்றதில்லை. 'இன்னும் வரலை'ங்குது. அந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க நாங்க காசு குடுத்தோம்.

கடைசியா, டவுன்ல இருக்கற உங்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்க ஊட்டுல பீரோ மேலயோ கட்டிலுக்கு அடியிலயோ ஒரு நல்ல கிதாரு தூசி படிஞ்சு கெடக்கும். காலேஜுல வாங்கினது. ஒருக்கா எறக்கிப் பாருங்க. கழுத்து நேரா இருந்தா புதுக் கம்பி மாட்டி, சுதி சேத்து, கேக்கற பிள்ளைக்குக் குடுத்துருங்க. ஆனா கோணலாப் போனதை மட்டும் தர்மம்னு நெனச்சுக் குடுத்துராதீங்க. வாங்குற பிள்ளை அதை நன்றியோட வாங்கி, ரெண்டு மாசம் பாடுபட்டு, 'எனக்கு வரலை'ன்னு தன்னையவே திட்டிக்கும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாமுங்க.

அடுத்த வாரம் வழக்கம் போல வெள்ளாமை நாயம் பேசுவோம். வாறேனுங்க.